வண்டி ஏன் ஷெட்டுக்கு வந்தது? ஜாப் கார்டுக் குறியீடுகள்: ஓர் ஒப்பீடு

போன வருடம் ஒரே லாரிக்கு மூன்று தடவை கிளட்ச் பிளேட் மாற்றினோம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வண்டி ஷெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். இலை ஏற்றும் லாரிகள், பிக்கப்புகள், டிராக்டர்கள், ஒரு ஜேசிபி, இரண்டு ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 19. மூன்று தடவை மாற்றியது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. நோட்டில் முதல் தடவை "கிளட்ச் வேலை" என்று இருந்தது. இரண்டாவது தடவை எழுதியவர் வேறு ஆள். அவர் "ஏற்றத்தில் இழுவை இல்லை, பார்த்துச் சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருந்தார். மூன்றாவது தடவை வண்டி மலைக்குக் கீழே நின்றுவிட்டதால் வேலையை வெளி ஒர்க்‌ஷாப்பில் செய்தார்கள். அது நோட்டில் ஏறவே இல்லை. பில் மட்டும் அக்கவுண்ட்ஸ் ஃபைலில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே கியர்பாக்ஸை இறக்கிய மெக்கானிக்தான் கவனித்துச் சொன்னார்: கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, பிளேட் முழுக்க ஆயில். ஒரு சீலை மாற்றாமல் விட்டதற்கு மூன்று பிளேட், மூன்று நாள் இலை நஷ்டம்.

எங்கள் மெக்கானிக்குகளின் கைவேலையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. முதல் தடவை சீல் கசிவு லேசாக இருந்திருக்கும், கண்ணில் பட்டிருக்காது. இரண்டாவது தடவை வேலை செய்தவருக்கு, இதே வண்டிக்கு 11 வாரம் முன்னால்தான் பிளேட் மாற்றியிருக்கிறது என்று தெரிந்திருந்தால், "ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அந்தக் கேள்வி வந்திருந்தால் சீலைத் தொட்டுப் பார்த்திருப்பார். நோட்டு அவருக்கு அதைச் சொல்லவில்லை. 200 பக்க நோட்டில் மூன்று விதமாக எழுதிய ஒரே வேலையை யாரால் தேடி எடுக்க முடியும்?

அதற்குப் பிறகுதான், ஜாப் கார்டில், அதாவது வண்டிக்குச் செய்த வேலையை எழுதும் சீட்டில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறியீடு எழுதுவது என்று முடிவு செய்தோம். எந்தக் குறியீட்டு முறை என்பதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. நான்கு வழிகளைப் பார்த்தோம். இதே அளவில் வண்டி வைத்திருக்கும் எஸ்டேட்டுகள், காய்கறி லாரி வைத்திருப்பவர்கள், ஊட்டியிலும் குன்னூரிலும் டூரிஸ்ட் வண்டி ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு உதவும் என்பதால் எங்கள் யோசனையை இங்கே எழுதி வைக்கிறேன்.

குறியீடு என்றால் என்ன என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டி ஷெட்டுக்குள் வந்து போனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஏன் வந்தது? எந்த இடத்தில் வேலை? என்ன செய்தோம்? இரண்டாவதையும் மூன்றாவதையும் ஸ்பேர் பார்ட்ஸ் பில்லைப் பார்த்தாலே ஓரளவு ஊகித்துவிடலாம். பிரேக் லைனிங் செட் வாங்கியிருந்தால் பிரேக் வேலை, மாற்றியிருக்கிறார்கள். முதல் கேள்விக்கு எந்தப் பில்லிலும் பதில் கிடையாது. சர்வீஸ் தேதி வந்ததால் லைனிங் மாற்றினோமா, டிரைவர் "பெடல் கீழே போகுது" என்று சொன்னதால் மாற்றினோமா, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போன் செய்ததால் மாற்றினோமா? மூன்றுக்கும் ஒரே பில்தான், ஒரே தொகைதான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது நிம்மதி, இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது ஓர் உயிர் போயிருக்கக்கூடிய விஷயம். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் தெளிவாக விழுகிறதா என்பதுதான் என் அளவுகோல்.

சமவெளியில் ஓடும் வண்டிகளுக்குக் கம்பெனி கொடுத்த சர்வீஸ் அட்டவணையை அப்படியே பின்பற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மலையில் அது போதாது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நடுவில் 33 கிலோமீட்டர்தான். 10 டன் எடையுள்ள ஒரு லாரி அங்கிருந்து கீழே இறங்கும்போது ஏறத்தாழ 40 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் ட்ரம் வாங்கிச் சூடாக வேண்டும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். ஓடோமீட்டரைப் பார்த்தால் 33 கிலோமீட்டர். லைனிங்கைப் பொறுத்தவரை அது சமவெளியின் 33 கிலோமீட்டர் அல்ல.

பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு 230, ஈரம் ஏறினால் 155. மழை மாதங்களில் வாரக்கணக்கில் மஞ்சு மூடிக் கிடக்கும் ஊரில், நீண்ட இறக்கத்தில் ஓடும் பிக்கப்புக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானது இல்லை. ஏர் பிரேக் லாரிகளில் டேங்கில் தண்ணீர் சேரும், அதைத் தினமும் திறந்து வடிக்க வேண்டும். இதற்கெல்லாம் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை நம் வண்டி, நம் ரோடு, நம் மழைதான் சொல்ல முடியும். அதைச் சொல்ல வைப்பதற்குத்தான் குறியீடு.

சரி, நான்கு வழிகளுக்கு வருகிறேன்.

முதல் வழி, இப்போது இருப்பதையே தொடர்வது. அதாவது நோட்டில் சொந்த வார்த்தையில் எழுதுவது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. "மூணாவது வளைவில் ஏறும்போது மட்டும் கீழே இருந்து கட கடன்னு சத்தம், இறக்கத்தில் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். புரப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டைக் கண்டுபிடிக்க அந்த வரிதான் உதவியது. எந்த எண்ணாலும் இதைச் சொல்ல முடியாது. ஆனால் கதையாக எழுதியதை எண்ண முடியாது. இந்த வருடம் பிரேக்குக்காக வண்டிகள் எத்தனை முறை வழியில் நின்றன என்று முதலாளி கேட்டால், நோட்டை வைத்துக்கொண்டு நான் பதில் சொல்ல முடியாது. ஆகவே நோட்டு வேண்டும், அது மட்டும் போதாது.

இரண்டாவது வழி, உலகத்தில் ஏற்கெனவே பெரிய அளவில் புழங்கும் ஒரு முறையை எடுத்துக்கொள்வது. இதில் பெயர் பெற்றது வி.எம்.ஆர்.எஸ். என்ற அமெரிக்க முறை. அமெரிக்க லாரித் தொழில் சங்கத்தினர் 1970இல் கொண்டுவந்தது. அந்தச் சங்கத்தின் தொழில்நுட்பப் பராமரிப்புக் குழு இன்றும் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு பாகத்துக்கு ஒன்பது இலக்கம். முதல் மூன்று இலக்கம் எந்த அமைப்பு என்று சொல்லும்: 013 என்றால் பிரேக், 017 என்றால் டயர், 042 என்றால் கூலிங், 045 என்றால் இன்ஜின். அடுத்த மூன்று அந்த அமைப்புக்குள் எந்தத் தொகுதி, கடைசி மூன்று எந்தப் பாகம். இது "எங்கே" என்பதற்கு. இதைத் தவிர ஏன் வந்தது, என்ன வேலை செய்தது, பாகம் எப்படிக் கெட்டது என்பதற்கெல்லாம் தனித்தனிப் பட்டியல்கள் இருக்கின்றன.

படிக்கப் படிக்க எனக்கு மரியாதைதான் கூடியது. நான் ஷெட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒவ்வொரு கேள்வியையும் ஐம்பது வருடங்களுக்கு முன்னாலேயே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். "ஏன்" வேறு, "எங்கே" வேறு, "என்ன" வேறு என்று பிரித்ததே பெரிய காரியம். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

ஆனால் எங்கள் ஷெட்டுக்கு அது ஒத்துவராது என்றுதான் முடிவு செய்தேன். அது ஆங்கிலத்தில் இருக்கிறது, பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும், கம்ப்யூட்டர் மென்பொருள் இல்லாமல் கையால் எழுதுவது சிரமம். இவையெல்லாம் தடைகள்தான். என்றாலும் எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு ஒரு கணக்கு. எங்களிடம் 19 வண்டி. ஒவ்வொன்றும் மாதம் இரண்டு தடவை ஷெட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 456 வரிகள். பாகக் குறியீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு பட்டியலில் இந்த 456 வரிகளைத் தூவினால், பெரும்பாலான குறியீட்டில் ஒரே ஒரு வரிதான் விழும். ஒன்று என்பது ஒரு சம்பவம். நான்கைந்து சேர்ந்தால்தான் ஒரு போக்கு கண்ணுக்குத் தெரியும். 500 வண்டி, ஐந்து ஷெட் என்று வைத்திருப்பவர்களுக்கு ஒன்பது இலக்கமும் நிரம்பும். எந்தக் கம்பெனியின் வாட்டர் பம்ப் சீக்கிரம் போகிறது என்பதுவரை அவர்கள் பார்க்கலாம். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம். சிறிய ஷெட்டுக்குப் பட்டியல் சிறியதாக இருந்தால்தான் எண்ணிக்கை சேரும்.

இதைச் சொன்னபோது எங்கள் தலைமை மெக்கானிக் அண்ணா வேறு ஒரு காரணம் சொன்னார். "நம்பர் எழுதச் சொன்னா எழுதிரலாம் தம்பி. கையில கிரீஸோட புக்கைப் புரட்டி எந்த நம்பர்னு தேடச் சொன்னா, வாயில வர்ற நம்பரைத்தான் எல்லாரும் போடுவாங்க." முப்பது வருடம் வண்டிக்கு அடியில் படுத்தவர் சொல்கிறார். தப்பான குறியீடு நிரம்பிய அழகான அறிக்கையைவிடக் குறியீடே இல்லாத நோட்டு மேல். நோட்டை நம்பி யாரும் தவறான முடிவு எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது வழி, வண்டிக் கம்பெனிகளின் குறியீடுகள். கட்டுமான இயந்திரங்களில் கேட்டர்பில்லர் கம்பெனிக்கு இப்படி ஒரு முறை இருக்கிறது. பாகத்துக்கு நான்கு இலக்கம், வேலைக்கு மூன்று இலக்கம். அந்தக் கம்பெனி இயந்திரம் மட்டுமே வைத்திருக்கும் குவாரிக்கோ அணைக்கட்டு வேலைக்கோ அது நல்ல வழி. சர்வீஸ் புத்தகமும் பில்லும் ஒரே மொழி பேசும். எங்களிடம் நான்கு கம்பெனி வண்டிகள் இருக்கின்றன. நான்கு மொழி பேசும் ஷெட்டில் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது. வாரன்ட்டியில் இருக்கும் வண்டிக்கு டீலர் கொடுக்கும் பில் எண்ணை நம் கார்டில் குறித்து வைத்தால் போதும் என்று இதை முடித்துக்கொண்டோம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகை மாசுத் தரம்) வண்டிகளில் ஸ்கேனரை மாட்டினால் ஒரு கோளாறு எண் வருகிறதே, அதையே குறியீடாக எழுதினால் என்ன என்று இளைஞர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. அந்த எண் வண்டி சொல்வது. வேலைக் குறியீடு நாம் சொல்வது. உதாரணமாக பி0087 என்று வந்தால் இன்ஜினுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில் (ஃபியூயல் ரெயில்) அழுத்தம் குறைவு என்று அர்த்தம். ஃபில்டர் அடைத்திருக்கலாம், எங்காவது காற்று இழுக்கலாம், பம்ப் பலவீனமாக இருக்கலாம், சென்சரே கெட்டிருக்கலாம். அதில் எதை நாம் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. பிரேக் லைனிங் தேய்ந்தாலோ, ஸ்பிரிங் பட்டை உடைந்தாலோ, டயர் கிழிந்தாலோ பெரும்பாலான வண்டிகளில் எந்த எண்ணும் வராது. மலையில் நம்மைக் கவிழ்ப்பவை இவைதான். ஸ்கேனர் எண் வந்தால் கார்டில் ஒரு மூலையில் எழுதட்டும். குறியீட்டின் இடத்தை அது பிடிக்கக் கூடாது.

நான்காவது வழி, நாமே ஒரு சிறிய பட்டியல் செய்வது. இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். வி.எம்.ஆர்.எஸ். சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விப் பிரிவை வைத்துக்கொண்டோம், எண்களை எடுக்கவில்லை.

"ஏன்" என்பதற்கு ஏழே ஏழு குறியீடு. எண்ணாக வைக்காமல் தமிழ் எழுத்தாக வைத்தோம். மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, சொல்லின் முதல் எழுத்துதான். ந என்றால் நடுவழியில் நின்றது. சொ என்றால் டிரைவர் சொன்னது, அதாவது வண்டி ஓடுகிறது, ஆனால் ஏதோ சரியில்லை என்று அவராகக் கொண்டுவந்தது. பா என்றால் நாங்கள் பார்த்தபோது தெரிந்தது. மு என்றால் முறைப்படி வரும் சர்வீஸ். தி என்றால் திரும்பி வந்தது. அ என்றால் அடிபட்டது: ஓரச்சுவர், மண்சரிவு, இருட்டில் குறுக்கே வந்த காட்டெருமை. எ என்றால் எஃப்சி வேலை, அதாவது தகுதிச் சான்று வாங்குவதற்காகச் செய்வது.

"எங்கே" என்பதற்கு 14 இடங்கள்: இன்ஜின், கூலிங், டீசல், புகைக்குழாய், கிளட்ச், கியர்பாக்ஸ், ஷாஃப்ட்டும் ஆக்சிலும், பிரேக், ஸ்டீயரிங், ஸ்பிரிங், டயர், கரண்ட், ஹைட்ராலிக், பாடி. எந்தப் பாகம் என்பதைப் பக்கத்தில் வார்த்தையாகவே எழுதலாம். "என்ன" என்பதற்கு ஐந்து வினைகள் கார்டில் அச்சடித்திருக்கின்றன: மாற்றியது, சரிசெய்தது, இறுக்கியது, சுத்தம் செய்தது, வெளியே அனுப்பியது. ஒன்றை வட்டமிட்டால் போதும். ஏழையும் 14ஐயும் பெருக்கினால் 98 கட்டங்கள். 456 வரிகளுக்கு ஒரு கட்டத்துக்குச் சராசரியாக நான்கைந்து. நிஜத்தில் பிரேக், கிளட்ச், டயர் கட்டங்களில் அதிகமாகவும் மற்றவற்றில் குறைவாகவும் விழும். பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

பட்டியலில் இல்லாத இரண்டு குறியீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். "மற்றவை" என்று ஒன்றை வைக்கவே இல்லை. அவசரத்தில் இருக்கும் யாருக்கும் அதுதான் சுலபமான கதவு. மூன்று மாதத்தில் பாதி கார்டு அதில்தான் போய் விழும். எந்த எழுத்தும் பொருந்தாவிட்டால் காலியாக விட்டுவிட்டு என்னிடம் கொண்டுவரட்டும், சேர்ந்து யோசித்து எழுதலாம்.

இரண்டாவது, "டிரைவர் தவறு". பல ஷெட்டுகளில் இப்படி ஒரு குறியீடு உண்டு. எங்கள் முதலாளியும் அதைக் கேட்டார். நான் உறுதியாக வேண்டாம் என்றேன். அது வந்த நாளிலிருந்து டிரைவர்கள் எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். "கிளட்ச் கொஞ்சம் வழுக்குது" என்று சொன்னால், அரைக் கிளட்ச்சில் ஓட்டினாய் என்று சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் வந்துவிடும். அப்போது சொ என்ற குறியீடு வறண்டுபோகும், ந பெருகும். ஒரு மலை ஷெட்டில் இருக்கும் எல்லாச் சென்சரிலும் விலை மதிப்பானது டிரைவரின் வாய்தான். அதை மூடவைக்கும் எதையும் கார்டில் வைக்கக் கூடாது. ஓட்டும் முறையில் குறை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டிரிப் போய்விட்டு வந்து பேசிக்கொள்ளலாம்.

எஃப்சி விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது, நாங்கள் அதில் விழுந்துதான் கற்றுக்கொண்டோம். போக்குவரத்து வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறையும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கும்போது சில்லறை வேலைகளையெல்லாம் "எஃப்சியில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைப்பது எல்லா ஷெட்டிலும் பழக்கம். கடைசியில் பிரேக், ஸ்டீயரிங், லைட், பெயின்ட் எல்லாம் ஒரே கார்டில் எ என்று போய்விடும். அந்த வண்டியின் ஸ்டீயரிங் ஆட்டம் நான்கு மாதமாக இருந்தது என்ற உண்மை அதற்கடியில் புதைந்துபோகும். ஆகவே விதி இப்படி: ஒரு கார்டுக்கு ஒரு குறியீடு அல்ல, ஒரு வரிக்கு ஒன்று. சான்றுக்காக மட்டும் செய்த பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஒட்டுவது போன்றவைக்குத்தான் எ. ஏற்கெனவே பழுதாக இருந்ததை இப்போது சரிசெய்தால் சொ அல்லது பா.

தி என்ற குறியீட்டுக்குத்தான் அதிக நேரம் பேசினோம். அதே வண்டி, அதே இடம், மூன்று மாதத்துக்குள் மறுபடி வந்தால், காரணம் வேறாக இருந்தாலும், வேலை செய்தவர் வேறாக இருந்தாலும், தி. முதலில் ஒரு மாதம் என்றுதான் வைக்க நினைத்தோம். அந்த லாரியின் கிளட்ச் 11 வாரம் கழித்து வந்தது ஞாபகம் வந்ததும் மூன்று மாதமாக்கினோம். இதற்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே நீள அட்டை, 14 இடத்துக்கும் 14 வரிசை, கடைசியாகத் தொட்ட தேதி. வேலை ஆரம்பிக்கும் முன் அந்த அட்டையை ஒரு பார்வை பார்ப்பது கட்டாயம். வெளி ஒர்க்‌ஷாப் வேலையும் அதில் ஏறியாக வேண்டும், ஏறாமல் பில்லுக்குப் பணம் போகாது. தி விழுந்தால் யாரையும் கேள்வி கேட்பதில்லை. பாகத்தை மாற்றுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி எழுதியதை எப்படிப் படிப்பது? இதில் அரசுப் பேருந்துக் கழகங்களின் பழக்கம் ஒன்று எனக்குப் பிடிக்கும். 10,000 கிலோமீட்டருக்கு எத்தனை முறை பேருந்து வழியில் நின்றது என்று நாடு முழுவதும் ஒரே மாதிரி கணக்கிடுகிறார்கள். நம் மொழியில் சொன்னால் ந என்ற ஒரே குறியீட்டின் கணக்கு. சொல்லின் பொருளை மாற்றாமல் வருடக்கணக்கில் எண்ணுவதால் ஒரு டிப்போவை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. எங்களுக்குக் கிலோமீட்டர் சரிப்படாது. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் தோட்டப் பாதையில் நாள் முழுக்க ஊர்ந்த பிக்கப்பும், மேட்டுப்பாளையம் போய்வந்த லாரியும் கிலோமீட்டரில் ஒப்பிட முடியாதவை. டிராக்டரிலும் ஜேசிபியிலும் மணிக்கணக்கு மீட்டர் இருக்கிறது. லாரி, பிக்கப்புக்கு டிரிப் எண்ணிக்கையை வைத்துக்கொண்டோம். 100 டிரிப்புக்கு எத்தனை ந?

ஜேசிபி தனி ரகம். நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரத்தை வேலையில் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதனால் மாதக்கணக்கில் நிற்கும், மழையில் மண் சரிந்தால் ராப்பகலாக ஓடும். நின்றே கெடும் பேட்டரி, ஹோஸ், சீல் இவற்றை மீட்டர் சொல்லாது. அதற்கு மட்டும் காலண்டர்தான்.

ஒரு இடத்தில் ந கூடி, மு குறைவாக இருந்தால் சர்வீஸ் இடைவெளி நீளமாக இருக்கிறது, சுருக்க வேண்டும். மு என்று எழுதிய வரிகளில் மாற்றிய பாகங்கள் பாதிகூடத் தேயாமல் இருந்தால் சீக்கிரம் மாற்றுகிறோம், தள்ளிவைக்கலாம். சொ அதிகமாகவும் ந குறைவாகவும் இருந்தால் டிரைவர்கள் நம்மைக் காப்பாற்றுகிறார்கள், அவர்கள் சொன்ன அன்றே வேலையை எடுக்க வேண்டும். பா அதிகமானால் நம் சோதனை வேலை செய்கிறது. புதிய பிக்கப்புகளில் புகைக்குழாய் இடத்தில் சொ அடிக்கடி விழும் என்று இப்போதே எதிர்பார்க்கிறேன். அதன் டீசல் புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும், எங்கள் இலை வண்டிகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று போகின்றன. அப்படி விழுந்தால் பாகத்தை மாற்றுவது தீர்வாகாது. வாரத்துக்கு ஒரு நாள் அந்த வண்டியைத் தொலைதூர டிரிப்புக்கு அனுப்புவதுதான் தீர்வு.

காகிதமா, கம்ப்யூட்டரா என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. மாதச் சந்தா கட்டும் ஆப்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஷெட்டில் சிக்னல் கிடைக்காது, மழைக்காலத்தில் கரண்டும் நிலைக்காது. கார்டில் பேனாவால் எழுதுகிறோம், சனிக்கிழமை நான் எக்செல்லில் ஏற்றுகிறேன். 456 வரிகள் என்றால் வாரத்துக்கு ஒன்பது வரி. அரை மணி நேர வேலை.

செலவு என்று பார்த்தால் கார்டு அச்சடித்தது மட்டும்தான். உண்மையான விலை நேரம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் மெக்கானிக் இரண்டு நிமிடம் நின்று எழுத வேண்டும். இலை அதிகமாக வரும் மாதங்களில் அந்த இரண்டு நிமிடம் கூடக் கனமானது. மூட்டையில் கட்டிய பச்சை இலை வண்டியில் நிற்க நிற்கச் சூடேறிச் சிவந்துவிடும், தூள் தரம் போய்விடும். வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஏழு எழுத்தில் ஒன்றை எழுதச் சொல்லலாம், ஒன்பது இலக்கத்தைத் தேடச் சொல்ல முடியாது.

பழைய நோட்டுகளைத் தூக்கிப்போடவில்லை. கடந்த ஒரு வருடத்து வரிகளைப் பில்களோடு சேர்த்து நானும் அண்ணாவும் மாலை நேரங்களில் புதிய குறியீட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் "ஏன்" என்பதற்குப் பதில் இல்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறோம், ஊகித்து நிரப்புவதில்லை. கார்டுகள் இந்த வாரம் அச்சுக்குப் போயிருக்கின்றன. ஜனவரியில் பனி விழுந்து இலை குறையும்போது வண்டிகளுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். அப்போது 19 அட்டைகளையும் மேஜையில் பரப்பி எல்லாரும் சேர்ந்து முதல் தடவையாகப் படிக்கப் போகிறோம். அந்த லாரியின் அட்டையில் கிளட்ச் வரிசையைத்தான் அண்ணா முதலில் கேட்டிருக்கிறார்.